சுழலும் பேனரில் படத்திற்கொரு இணைப்பு அமைப்பது எப்படி?

இணையதளத்தின் முகப்பில், சில விநாடிகளுக்கு ஒருமுறை தானாகவே மாறிக்கொண்டிருக்கும் அகலமான படங்களின் தொகுதியைச் சுழலும் பேனர் என்கிறோம். ஸ்லைடர், கரோசல் என்ற பெயர்களும் அதற்கு வழங்குகின்றன. ஒரு நூலகத்தின் இணையதளத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பேனரில் மூன்று படங்கள் உள்ளன. முதல் படம் புதிதாக வந்த நூல்களைக் காட்டுகிறது, இரண்டாவது உறுப்பினர் சேர்க்கையை அறிவிக்கிறது, மூன்றாவது வாசகர் சந்திப்பு ஒன்றுக்கு அழைக்கிறது. மூன்றும் வெவ்வேறு செய்திகள் என்பதால், ஒவ்வொன்றின் மீதும் கிளிக் செய்பவர் வெவ்வேறு பக்கத்திற்குப் போக வேண்டும். படங்களைச் சுழல வைக்கும் வேலை புதியவருக்கும் விரைவில் கைகூடிவிடுகிறது. ஆனால் சோதித்துப் பார்க்கும்போது, எந்தப் படத்தைக் கிளிக் செய்தாலும் வாசகர் சந்திப்புப் பக்கமே திறக்கிறது. அல்லது புதிய நூல்களின் படம் கண்ணுக்கு முன்னால் இருக்க, உறுப்பினர் சேர்க்கைப் பக்கம் திறக்கிறது. இந்தப் பிழையைப் பிறருக்குப் பலமுறை திருத்திக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் காரணம் ஒன்றுதான்: படம் சுழல்கிறது, அதன் இணைப்பு அதனுடன் சேர்ந்து சுழலவில்லை.

ஆகவே இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒரே கருத்தைத்தான். சுழல வேண்டிய அலகு படம் அல்ல. படமும் அதன் இணைப்பும் பிரிக்க முடியாதபடி சேர்ந்த ஒரு பொதி. இந்தப் பொதியை முதலில் சரியாகக் கட்டிவிட்டால், அதன்பின் வரும் நேரக்கணக்கு, மங்கி மறையும் விளைவு, முன்பின் பொத்தான்கள் ஆகிய அனைத்தும் ஒழுங்காக அமைந்துவிடும். பொதியைக் கட்டாமல் விளைவுகளில் தொடங்கினால் பிழை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதே கடினமாகிவிடும்.

ஒரு குறிப்பு. குறிச்சொற்களின் (பக்கத்தின் பகுதிகளைக் குறிக்கும் டேக்குகளின்) பெயர்களையும் கட்டளைகளின் பெயர்களையும் இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். உங்கள் கோப்பில் அவற்றை வழக்கம்போல் ஆங்கில எழுத்துகளில்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.

அசையும் ஜிஃப் படத்தால் ஏன் முடியாது

சுழலும் பேனர் என்றதும் பலருக்கு முதலில் தோன்றும் வழி அசையும் ஜிஃப் படம். மூன்று படங்களை ஒரே ஜிஃப் கோப்பில் அடுக்கி, ஒவ்வொன்றும் ஐந்து விநாடி நிற்கும்படி அமைத்தால், நிரல் எதுவும் எழுதாமலே பேனர் சுழலத் தொடங்கிவிடும். ஜிஃப் வடிவம் 1987-இல் கம்ப்யூசர்வ் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. 1989-இல் வந்த அதன் இரண்டாவது பதிப்பில்தான் ஒவ்வொரு சட்டகமும், அதாவது கோப்பில் அடுக்கிய ஒவ்வொரு படமும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று குறிக்கும் வசதி சேர்ந்தது. அந்தச் சட்டகங்களை முடிவில்லாமல் திரும்பத் திரும்ப ஓட்டும் வசதியைப் பின்னர் நெட்ஸ்கேப் உலாவியின் இரண்டாம் பதிப்பு கொண்டுவந்தது. அக்காலத்து விளம்பரப் பேனர்கள் பல இந்த வழியில்தான் அசைந்தன.

ஆனால் அந்தப் பேனர்களுக்கு ஒரே ஒரு இணைப்புதான் தேவைப்பட்டது. 1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்ட் தளத்தில் வெளியான ஏடி அண்ட் டி நிறுவனத்தின் பேனரை இணைய விளம்பரத்தின் தொடக்கமாகக் குறிப்பிடுவது வழக்கம். அசையாத படம் அது. கிளிக் செய்தால் விளம்பரதாரரின் பக்கம் திறக்கும், அவ்வளவே. ஒரே விளம்பரதாரர், ஒரே செய்தி என்ற நிலையில், அந்தப் படம் பின்னாளில் அசையத் தொடங்கியபோதும் இணைப்பு ஒன்றாகவே இருந்ததில் சிக்கல் ஏதும் இல்லை.

நமக்குச் சிக்கல் இருக்கிறது. உலாவியின் கணக்கில் அசையும் ஜிஃப் என்பது ஒரே கோப்பு, ஒரே படம். அதைச் சுற்றி ஓர் இணைப்பைத்தான் வைக்க முடியும். இந்த நொடியில் எந்தச் சட்டகம் திரையில் இருக்கிறது என்பதை உலாவி பக்கத்தின் நிரலுக்குத் தெரிவிப்பதில்லை என்பதால், சட்டகத்தைப் பார்த்து இணைப்பை மாற்றவும் வழியில்லை. நாமாகவே ஒரு கடிகாரத்தை ஓடவிட்டு ஊகிக்கலாம் என்று சிலர் முயல்வதுண்டு. படம் எப்போது ஓடத் தொடங்கியது என்பது இணைய வேகத்தைப் பொறுத்து மாறும் என்பதால், இரண்டு கடிகாரங்களும் ஒத்துப்போகும் என்று நம்பி எதையும் கட்ட முடியாது.

இதே இடத்தில் இன்னொரு குழப்பமும் வருகிறது. ஒரே படத்தில் பல இணைப்புகளை வைக்க இமேஜ் மேப் என்ற வசதி, பக்கத்தின் கட்டமைப்பை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் நெடுங்காலமாக இருக்கிறது. படத்தின் இடப்பக்கத்தைக் கிளிக் செய்தால் ஒரு பக்கம், வலப்பக்கத்தைக் கிளிக் செய்தால் வேறொரு பக்கம் என்று அது பிரித்துத் தரும். அது பிரிப்பது இடத்தை. சுழலும் பேனருக்கு நாம் பிரிக்க வேண்டியது காலத்தை. ஒரே இடத்தில் முதல் ஐந்து விநாடிக்கு ஓர் இணைப்பும் அடுத்த ஐந்து விநாடிக்கு வேறோர் இணைப்பும் இருக்க வேண்டும் என்பதால் இமேஜ் மேப் இங்கே உதவாது.

பொதியைக் கட்டுதல்

எச்டிஎம்எல்லில் இணைப்பு என்பது ஒரு கொள்கலம். "ஏ" என்ற குறிச்சொல் தொடங்கும் இடத்திற்கும் முடியும் இடத்திற்கும் நடுவே எதை வைத்தாலும் அது கிளிக் செய்யக்கூடியதாகிவிடும். எங்கே போக வேண்டும் என்பதை அந்தக் குறிச்சொல்லின் "எச்ரெஃப்" என்ற பண்பு சொல்கிறது. படத்தை வைப்பதற்கு "ஐஎம்ஜி" என்ற குறிச்சொல். படக்கோப்பு எங்கே இருக்கிறது என்பதை அதன் "எஸ்ஆர்சி" பண்பு சொல்கிறது. நமது பொதி என்பது இவ்வளவுதான்: திறக்கும் "ஏ" குறிச்சொல், அதில் செல்ல வேண்டிய பக்கத்தின் முகவரி, உள்ளே ஒரே ஒரு "ஐஎம்ஜி", பிறகு மூடும் "ஏ" குறிச்சொல். மூன்று படங்கள் என்றால் இப்படி மூன்று பொதிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். இந்த மூன்றையும் சேர்த்து அணைக்கும் ஒரு "டிவ்" பெட்டியே பேனர்.

அந்த வெளிப்பெட்டி "டிவ்" ஆக இருக்க வேண்டுமே தவிர, அதுவும் ஓர் இணைப்பாக இருக்கக் கூடாது. ஏற்கெனவே ஒற்றைப் படத்துடன் இருந்த பேனரைச் சுழலும் பேனராக மாற்றும்போது, பழைய "ஏ" குறிச்சொல்லை வெளியே அப்படியே விட்டுவிட்டு, உள்ளே புதிய மூன்று இணைப்புகளைச் சேர்ப்பவர்கள் உண்டு. இணைப்புக்குள் இணைப்பை எச்டிஎம்எல் அனுமதிப்பதில்லை. உள்ளே புதிய "ஏ" தொடங்கியதும் உலாவி வெளியே இருந்ததைத் தானாகவே மூடிவிடுவதால், நீங்கள் எழுதிய கட்டமைப்பு வேறு, உலாவி உருவாக்கும் கட்டமைப்பு வேறு என்றாகிவிடுகிறது. பிறகு எந்த அலங்கார விதியும் நினைத்தபடி பொருந்தாது.

இந்த நிலையில், அதாவது ஒரு வரி நிரல்கூட எழுதாத நிலையில், பக்கத்தைத் திறந்து பாருங்கள். மூன்று படங்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். ஒவ்வொன்றையும் கிளிக் செய்து, சரியான பக்கம் திறக்கிறதா என்று இப்போதே சரிபார்த்துவிடுங்கள். சுழற்சியைச் சேர்த்தபின் இணைப்பு தவறினால், தவறு சுழற்சியில் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல இந்தச் சோதனை உதவும். பக்கத்தை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் ஏதோ காரணத்தால் இயங்காமல் போகும் கணினிகளிலும் மூன்று செய்திகளும் அவற்றின் இணைப்புகளும் வாசகருக்குக் கிடைக்கும் என்பது இந்த அடித்தளத்தின் மற்றொரு நன்மை.

மாற்றுவதா, அடுக்குவதா

இனி சுழற்ற வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, பக்கத்தில் ஒரே ஒரு பொதியை வைத்து, அதற்குள் இருக்கும் படக்கோப்பின் முகவரியையும் இணைப்பின் முகவரியையும் ஜாவாஸ்கிரிப்ட் மூலம் மாற்றிக்கொண்டே இருப்பது. மற்றொன்று, மூன்று பொதிகளையும் பக்கத்திலேயே வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் காட்டுவது.

முதல் வழி பழையது. 1996-இல் வந்த நெட்ஸ்கேப் மூன்றாம் பதிப்பில் பக்கத்திலுள்ள படங்களை நிரலால் மாற்ற முடிந்ததிலிருந்து இந்த வழி பரவியது. இன்றும் தேடினால் அந்த நிரல்கள் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலும் இரண்டு பட்டியல்கள் இருக்கும்: ஒன்றில் படக்கோப்புகளின் பெயர்கள், மற்றொன்றில் இணைப்புகளின் முகவரிகள். இரண்டாவது படத்திற்கு இரண்டாவது முகவரி என்று வரிசையெண்ணை வைத்துப் பொருத்திக்கொள்வார்கள். ஆறு மாதம் கழித்து யாரேனும் முதல் பட்டியலின் நடுவில் ஒரு புதிய படத்தைச் செருகி, இரண்டாவது பட்டியலின் கடைசியில் அதன் முகவரியைச் சேர்த்தால், அந்த இடத்திலிருந்து எல்லா இணைப்புகளும் ஒரு படி தள்ளிப் போய்விடும். எந்தப் பிழைச்செய்தியும் வராது. ஆகவே இந்த வழியில்தான் செய்ய வேண்டும் என்றால், இரண்டு பட்டியல்கள் வேண்டாம். படக்கோப்பு, இணைப்பு, மாற்றுரை (படத்தைப் பார்க்க இயலாதவருக்கான எழுத்து) ஆகிய மூன்றும் சேர்ந்த உருப்படிகளைக் கொண்ட ஒரே பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள். முன்பு குறிச்சொற்களால் கட்டிய அதே பொதி, இங்கே நிரலுக்குள் கட்டப்படுகிறது.

ஒரே பட்டியல் வைத்தாலும் இந்த வழியில் இன்னொரு குறை தங்கிவிடுகிறது. இணைப்பின் முகவரியை மாற்றுவது உடனே நடந்துவிடும். படத்தை மாற்றும்போது புதிய கோப்பு இணையத்திலிருந்து இறங்கி வர வேண்டும். இணைய வேகம் குறைவாக உள்ள இடங்களில், முதல் படம் இன்னும் திரையில் நிற்கும்போதே அதன் அடியில் இருக்கும் முகவரி இரண்டாவதாக மாறியிருக்கும். அந்த இடைவெளியில் கிளிக் செய்தவர் தான் பார்க்காத ஒன்றின் பக்கத்திற்குப் போய்ச் சேர்வார். எல்லாப் படங்களையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு, அவை வந்தபின்பே சுழற்சியைத் தொடங்குவதால் இதைத் தவிர்க்கலாம். ஆனால் எல்லாவற்றையும் எப்படியும் இறக்கத்தான் போகிறோம் என்றால், இரண்டாவது வழியே எளிது. அதில் படமும் இணைப்பும் ஒருபோதும் பிரிக்கப்படுவதில்லை. பொதி முழுவதாகத் தோன்றி முழுவதாக மறைகிறது. தொடக்கநிலையில் உள்ளவர்களுக்கு நான் எப்போதும் இந்த வழியையே பரிந்துரைக்கிறேன்.

அடுக்குவதும் மறைப்பதும்

மூன்று பொதிகளை ஒரே இடத்தில் அடுக்குவதற்குப் பரவலாகச் சொல்லப்படும் முறை, வெளிப்பெட்டிக்கு, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் "பொசிஷன்: ரிலேட்டிவ்" என்றும் உள்ளே இருக்கும் இணைப்புகளுக்கு "பொசிஷன்: அப்சல்யூட்" என்றும் கொடுப்பது. இதைச் செய்ததும் பேனர் சுருங்கி மறைந்துவிட்டதாகவோ, கீழே இருக்க வேண்டிய எழுத்துகள் படத்தின் மீது ஏறிவிட்டதாகவோ தோன்றும். "அப்சல்யூட்" ஆக வைக்கப்பட்டவை வெளிப்பெட்டியின் உயரத்திற்குக் கணக்கில் சேராததால் பெட்டியின் உயரம் பூச்சியமாகிவிடுவதே காரணம். வெளிப்பெட்டிக்கு உயரத்தை நாமே கொடுக்க வேண்டும், அல்லது படங்களின் விகிதத்தை "ஆஸ்பெக்ட்-ரேஷியோ" என்ற விதியால் அறிவிக்க வேண்டும். இதைவிட நல்ல முறை, வெளிப்பெட்டியை "கிரிட்" ஆக்கி, எல்லாப் பொதிகளையும் முதல் வரிசை, முதல் நெடுவரிசை என்ற ஒரே கட்டத்தில் வைப்பது. அப்போது பெட்டியின் உயரம் படத்தின் உயரத்தைத் தானாகவே பின்பற்றும்.

அடுத்ததாக மறைக்கும் வேலை. பெரும்பாலான தவறுகள் இங்கேதான் பிறக்கின்றன என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மென்மையாக மங்கி மறைய வேண்டும் என்ற விருப்பத்தில், காட்ட வேண்டிய பொதிக்கு "ஒபாசிட்டி" மதிப்பை 1 என்றும், மறைக்க வேண்டியவற்றுக்கு 0 என்றும் கொடுப்பார்கள். பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் ஒபாசிட்டி என்பது ஒளிபுகும் தன்மையை மட்டுமே மாற்றுகிறது. பொருள் அங்கேயே, அதே அளவில், அதே இடத்தில் இருக்கிறது. முற்றிலும் தெளிவான ஒரு கண்ணாடிப் பலகையைப் படத்தின் முன் நிறுத்தியது போல, கண் அதை ஊடுருவிப் பின்னால் இருப்பதைப் பார்க்கும். விரலை நீட்டினால் கண்ணாடிதான் தட்டுப்படும். ஒரே இடத்தில் அடுக்கியவற்றில், வேறு எதுவும் சொல்லாவிட்டால், எச்டிஎம்எல்லில் கடைசியாக எழுதப்பட்டதே எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும். அது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கிளிக்குகள் அனைத்தையும் அதுவே வாங்கிக்கொள்ளும். எந்தப் படத்தைக் கிளிக் செய்தாலும் கடைசிப் படத்தின் பக்கமே திறக்கிறது என்ற புகாரின் முழு விளக்கமும் இதுதான்.

இதைத் தீர்க்கச் சிலர் மறைந்திருக்கும் பொதிகளுக்குப் "பாயின்டர்-ஈவன்ட்ஸ்: நன்" என்ற விதியைச் சேர்ப்பார்கள். அதன் பொருள், மவுஸும் விரலும் இதைத் தொட்டால் கண்டுகொள்ளாமல் பின்னால் இருப்பதற்கு அனுப்பிவிடு என்பது. மவுஸ் பயன்படுத்துபவருக்குச் சிக்கல் தீர்ந்துவிடும். விசைப்பலகையின் டேப் விசையால் இணைப்பு இணைப்பாக நகர்பவருக்குத் தீராது. கண்ணுக்குத் தெரியாத இரண்டு இணைப்புகளில் அவருடைய நகர்வு போய் நிற்கும், எங்கே நிற்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. ஆகவே சரியான துணை "விசிபிலிட்டி" என்ற விதி. மறைந்திருப்பவற்றுக்கு ஒபாசிட்டி 0 என்பதோடு "விசிபிலிட்டி: ஹிடன்" என்றும், காட்டப்படுவதற்கு ஒபாசிட்டி 1 என்பதோடு "விசிபிலிட்டி: விசிபிள்" என்றும் கொடுங்கள். "ஹிடன்" ஆன இணைப்பு கிளிக்கையும் வாங்காது, டேப் விசைக்கும் அகப்படாது, பார்வையற்றவருக்குத் திரையைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பானாலும் படிக்கப்படாது.

"டிஸ்பிளே: நன்" என்ற விதியும் இதே மூன்றையும் செய்யும். ஆனால் அது பொருளைப் பக்கத்தின் அமைப்பிலிருந்தே எடுத்துவிடுவதால், மங்கி மறையும் விளைவை அதனுடன் சேர்ப்பது சிரமம். விளைவு வேண்டாம், படம் சட்டென்று மாறினால் போதும் என்று நினைப்பவர்கள் "டிஸ்பிளே: நன்" ஒன்றையே பயன்படுத்திக் கொள்ளலாம், அதைவிட எளிய, பிழையில்லாத அமைப்பு இல்லை.

மங்கும் விளைவைச் சேர்க்கும்போது, "டிரான்சிஷன்" விதியில் ஒபாசிட்டியை மட்டும் சொல்லாமல் விசிபிலிட்டியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வெளியேறும் படம் மங்காமல் அந்த நொடியே மறைந்துவிடும். இரண்டையும் சேர்த்துச் சொன்னால், மங்கி முடியும் வரை வெளியேறும் பொதி "விசிபிள்" ஆகவே இருந்து, இறுதியில்தான் "ஹிடன்" ஆகும். அந்த அரை விநாடியில் இரண்டு பொதிகளும் கிளிக்கை வாங்கும் நிலையில் இருக்கும் என்பதால், காட்டப்படும் பொதிக்கு "இசட்-இன்டெக்ஸ்" மதிப்பை உயர்த்தி, அதையே மேலே நிறுத்துங்கள்.

இவ்வளவையும் ஒரே பெயருக்குள் அடக்கிவிடலாம். "ஆக்டிவ்" என்ற ஒரு கிளாஸ் பெயரை (குறிச்சொல்லுக்கு நாம் இடும் அடையாளப் பெயரை) உருவாக்கி, அதை உடைய பொதிக்குத் தோன்றும் விதிகளையும், இல்லாதவற்றுக்கு மறையும் விதிகளையும் எழுதிவிட்டால், எது தெரிய வேண்டும் என்று முடிவு செய்யும் ஜாவாஸ்கிரிப்ட் அந்தப் பெயரை ஒன்றிலிருந்து எடுத்து அடுத்ததற்குக் கொடுத்தால் போதும். முதல் பொதிக்கு அந்தக் கிளாஸை எச்டிஎம்எல்லிலேயே எழுதிவைத்துவிடுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் ஓடாத கணினியிலும் எல்லாம் தெரிய வேண்டும் என்றால், மறைக்கும் விதிகள் நிரல் தொடங்கியபின் வெளிப்பெட்டிக்குச் சேர்க்கும் இன்னொரு கிளாஸைச் சார்ந்திருக்கட்டும்.

எண்ணிக்கையும் கடிகாரமும்

நிரலின் வேலை மிகச் சிறியது. எல்லாப் பொதிகளையும் ஒரு பட்டியலாக எடுத்துக்கொள்கிறது. இப்போது எது தெரிகிறது என்பதை ஓர் எண்ணில் வைத்துக்கொள்கிறது. குறிப்பிட்ட நேரத்திற்கு ஒருமுறை அந்த எண்ணை ஒன்று கூட்டுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் பட்டியல்களை 0 முதல் எண்ணுவதால், நமது மூன்று படங்களின் எண்கள் 0, 1, 2 ஆகும். 2-க்குப் பிறகு 3 என்று போனால் அங்கே படம் இல்லை. மீண்டும் 0-க்கு வர வேண்டும். இதற்கு வகுத்தல் மீதியைப் பயன்படுத்துகிறோம். இப்போதைய எண்ணுடன் 1 கூட்டி, மொத்தப் படங்களின் எண்ணிக்கையால் வகுத்து, வரும் மீதியை அடுத்த எண்ணாகக் கொள்ள வேண்டும். 0-உடன் 1 கூட்டி 3-ஆல் வகுத்தால் மீதி 1. 1-இலிருந்து மீதி 2. 2-உடன் 1 கூட்டினால் 3, அதை 3-ஆல் வகுத்தால் மீதி 0. சுழற்சி தானாகவே முடிந்து தொடங்குகிறது. வகுக்கும் எண்ணை 3 என்று நேரடியாக எழுதாமல், பட்டியலின் நீளத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி எழுதினால், நாளை நான்காவது படத்தைச் சேர்க்கும்போது நிரலைத் தொட வேண்டியதே இருக்காது.

கடிகாரத்திற்கு "செட்இன்டர்வல்" என்ற கட்டளை. நேரத்தை அது ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக் கணக்கில் கேட்கும். ஆறு விநாடி என்றால் 6000. எத்தனை விநாடி வேண்டும் என்பதற்கு ஒரே விடை இல்லை. படத்தில் உள்ள வாசகத்தை நிதானமாக ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, அந்த நேரத்துடன் முடிவெடுத்துக் கிளிக் செய்வதற்கு இரண்டு மூன்று விநாடிகளைச் சேர்த்துக்கொள்வது என் வழக்கம். மூன்று விநாடிக்கு ஒருமுறை மாறும் பேனரில் இணைப்பு இருந்தும் பயனில்லை.

முன், பின் பொத்தான்களைச் சேர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பார்வையாளர் பொத்தானை அழுத்திப் படத்தை மாற்றியபின் பழைய கடிகாரம் அப்படியே ஓடினால், அவர் தேர்ந்தெடுத்த படம் அரை விநாடியிலேயே மாறிவிடக்கூடும். பொத்தானை அழுத்தியதும் பழைய கடிகாரத்தை "கிளியர்இன்டர்வல்" கட்டளையால் நிறுத்திவிடுங்கள். அவரே கையில் எடுத்துக்கொண்டார் என்பதால் தானியங்கிச் சுழற்சியை அங்கேயே முடித்துக்கொள்வதுதான் முறை. மீண்டும் தொடங்குவதாக இருந்தால், பழையதை நிறுத்தாமல் புதியதைத் தொடங்கக் கூடாது. இரண்டு கடிகாரங்கள் ஒன்றாக ஓடிப் படங்கள் தாறுமாறாகத் தாவும்.

நிறுத்தும் உரிமை

படத்திற்கொரு இணைப்பு என்று அமைத்தபின், சுழற்சியை நிறுத்தும் வசதி வெறும் கூடுதல் அழகாக இராமல் கட்டாயத் தேவையாகிறது. ஒருவர் முதல் படத்தைப் பார்த்து, கிளிக் செய்ய முடிவெடுத்து, மவுஸை நகர்த்திக் கொண்டுவரும் நேரத்தில் படம் மாறிவிட்டால் அவர் இரண்டாவது படத்தின் பக்கத்திற்குப் போய்விடுவார். மவுஸ் பொத்தானை அழுத்தும்போது முதல் படமும் விடும்போது இரண்டாவது படமும் இருந்தால், இரண்டு இணைப்புகளில் எதுவுமே திறக்காது. அழுத்தமும் விடுப்பும் ஒரே பொருளின் மீது நிகழ்ந்தால்தான் அந்தப் பொருள் கிளிக் செய்யப்பட்டதாக உலாவி கொள்கிறது. ஏதோ பழுது என்று எண்ணி அவர் போய்விடுவார். ஆகவே மவுஸ் பேனருக்குள் வந்ததும் கடிகாரம் நிற்க வேண்டும், வெளியேறியபின் தொடர வேண்டும். டேப் விசையால் ஓர் இணைப்பின் மீது வந்து நிற்பவருக்கும் அதே மரியாதை வேண்டும். அவர் நிற்கும் இணைப்பு காலடியிலிருந்து உருவப்படக் கூடாது.

தொடுதிரையில் மவுஸ் மேலே வருவது என்ற நிலையே இல்லை என்பதால், கண்ணுக்குத் தெரியும் நிறுத்து பொத்தான் ஒன்றும் வேண்டும். உலகளாவிய இணைய அணுகல்தன்மை நெறிமுறையான டபிள்யூசிஏஜி இதை நேரடியாகவே கேட்கிறது. தானாகத் தொடங்கி, ஐந்து விநாடிக்கு மேல் நீடித்து, மற்ற உள்ளடக்கத்துடன் சேர்ந்து தோன்றும் எந்த அசைவையும் பார்வையாளர் இடைநிறுத்தவோ நிறுத்தவோ மறைக்கவோ வழி இருக்க வேண்டும் என்பது அதன் 2.2.2 என்ற எண்ணுள்ள விதி. மெதுவாகப் படிப்பவர்கள், கவனம் எளிதில் சிதறுபவர்கள், கை நடுக்கம் உள்ளவர்கள் ஆகியோரை நினைத்தால் இந்த விதியின் நியாயம் விளங்கும். தங்கள் கணினியிலோ கைபேசியிலோ அசைவுகளைக் குறைக்கும்படி அமைத்து வைத்திருப்பவர்களை "பிரிஃபர்ஸ்-ரெட்யூஸ்ட்-மோஷன்" என்ற நிபந்தனையால் அறிந்துகொள்ளலாம். அவர்களுக்குச் சுழற்சியைத் தொடங்கவே வேண்டாம். முன்பின் பொத்தான்கள் போதும்.

மாற்றுரையும் எடையும்

ஒரு பொதியில் படத்தைத் தவிர வேறு எழுத்தே இல்லாததால், படத்தின் "ஆல்ட்" பண்பில் எழுதும் மாற்றுரைதான் அந்த இணைப்பின் பெயராகிறது. பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதைத்தான் உரக்கச் சொல்லும். ஆகவே "பேனர் 1", "அலமாரியில் நூல்கள்" என்றெல்லாம் எழுதாமல், "இந்த மாதம் வந்த புதிய நூல்களின் பட்டியல்" என்று, கிளிக் செய்தால் என்ன கிடைக்கும் என்பதை எழுதுங்கள். மாற்றுரையை வெறுமையாக விட்டால் அந்த இணைப்புக்குப் பெயரே இல்லாமல் போகும். சில திரைவாசிப்பான்கள் இணைப்பின் முகவரியை எழுத்து எழுத்தாகப் படிக்கத் தொடங்கிவிடும்.

மூன்று பெரிய படங்கள் பக்கத்தின் தலையில் உட்காருவதால் எடையையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. எல்லாப் படங்களும் ஒரே அகல உயரத்தில் இருக்கட்டும். அந்த அளவுகளை "ஐஎம்ஜி" குறிச்சொல்லிலேயே எழுதிவிட்டால், படம் வருவதற்கு முன்பே உலாவி இடத்தை ஒதுக்கி வைக்கும், பக்கம் குதிக்காது. இங்கும் இணைப்புதான் காரணம்: பக்கம் குதிக்கும்போது கிளிக் செய்தவரின் விரல் வேறொன்றின் மீது விழும். முதல் படத்திற்குத் தாமதமாக ஏற்றும் "லேசி" முறையைக் கொடுக்க வேண்டாம். அது பக்கம் திறந்ததும் தெரிய வேண்டியது. மறைந்திருக்கும் மற்ற படங்களுக்கு அந்த முறையைக் கொடுத்தாலும் பெரிய பயன் இல்லை. அவை பேனரின் அதே இடத்தில் அடுக்கப்பட்டிருப்பதால் திரைக்குள் இருப்பதாகவே உலாவி கருதி இறக்கிவிடக்கூடும். கோப்புகளின் அளவை முன்பே குறைத்து வைப்பதுதான் நம்பத்தக்க வழி.

நிரலே இல்லாமல், சிஎஸ்எஸ்ஸின் "கீஃப்ரேம்" அசைவுகளால் மட்டும் சுழற்றவும் முடியும். ஒரே அசைவை மூன்று பொதிகளுக்கும் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் தொடக்கத் தாமதத்தை மட்டும் வேறுபடுத்துவார்கள். அங்கேயும் ஒபாசிட்டியுடன் விசிபிலிட்டியைச் சேர்க்க மறந்தால் அதே கண்ணாடிப் பலகைப் பிழை வரும். ஒவ்வொரு புதிய படத்திற்கும் விழுக்காட்டுக் கணக்கைத் திருத்த வேண்டியிருப்பதாலும், நிறுத்து பொத்தானை முறையாக அமைப்பது கடினம் என்பதாலும் நான் அதைத் தேர்வதில்லை. வேர்ட்பிரஸ் போன்ற அமைப்புகளில் ஆயத்தச் செருகுநிரலைப் பயன்படுத்துபவர்கள், ஒவ்வொரு படத்திற்கும் தனித்தனியாக இணைப்பு முகவரி கேட்கும் பெட்டி இருக்கிறதா என்று நிறுவும் முன்பே பாருங்கள். பேனர் முழுவதற்கும் ஒரே பெட்டி மட்டும் இருந்தால் அது நமது வேலைக்கு ஆகாது.

சோதனையை மூன்று விதமாகச் செய்ய வேண்டும். முதலில், ஒவ்வொரு படமும் தோன்றும் வரை காத்திருந்து, மவுஸால் கிளிக் செய்து, இரண்டு முழுச் சுற்றுகள் பாருங்கள். முதல் சுற்றில் சரியாக இருந்து, 0-க்குத் திரும்பியபின் தவறும் பிழைகள் உண்டு. பிறகு மவுஸைத் தொடாமல் டேப் விசையை மட்டும் அழுத்தி, ஒரு நேரத்தில் தெரியும் ஒரே இணைப்பில் மட்டும் நகர்வு நிற்கிறதா என்று பாருங்கள். மூன்றாவதாக, உலாவியின் உருவாக்குநர் கருவியில் இணைய வேகத்தைக் குறைத்து வைத்து, படங்கள் மெல்ல இறங்கும்போதே கிளிக் செய்து பாருங்கள். தவறான பக்கம் திறந்தால், அதே கருவியில் பேனரின் மீது வலது கிளிக் செய்து ஆய்வு செய்யும்போது எந்த "ஏ" குறிச்சொல் முதலில் அகப்படுகிறதோ, அதுதான் மேலே படுத்துக் கிளிக்கை வாங்கிக்கொண்டிருக்கும் பொதி. வாசகர் சந்திப்பு முடிந்த மறுநாள் மூன்றாவது பொதியை நீக்கும்போது, படத்தை மட்டும் அழித்துவிடாமல் திறக்கும் "ஏ" முதல் மூடும் "ஏ" வரை முழுவதையும் எடுத்துவிடுங்கள். பட்டியலின் நீளம் 2 என்று நிரலே கண்டுகொண்டு, மீதமுள்ள இரண்டையும் சுழற்றும்.